நஷ்டத்தில் பங்கு கேட்ட ராவுத்தர்

பக்கீர் முகம்மது ராவுத்தர் அவர்கள் காலமான செய்தி, போன புதன்கிழமை காலை நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் நூர்ஜஹான்தான் தொலைபேசியில் பேசினார்.

“மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. காலையில தொழுதுட்டுப் படுத்தாங்க. சாயா கொடுக்க எழுப்புனா எந்திரிக்கலை.”

எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கொண்டுபோறாங்க.” பிறகு கேட்டார்: “முகம் பாக்க வருவீங்கல்ல மாமா? இன்னைக்காவது வீட்டுக்கு வருவீங்கல்ல?”

ராவுத்தர் வீடு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் இருக்கிறது. அந்தத் தெருவில் நான் கால் வைத்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. நான் குடியிருக்கும் சுள்ளிக்கல்லில் இருந்து போர்ட் கொச்சிக்குப் போக வேண்டுமென்றால்கூட வேறு வழியாகச் சுற்றித்தான் போவேன். ஏன் என்பது இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் ராவுத்தரைச் சொல்ல முடியாது.

கொச்சித் தமிழர்கள் கொண்டுவரும் மலரில் அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். “ஒரு பக்கம் போதும் அண்ணாச்சி” என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிறவர் அல்லர் அவர். இடம் போதாது என்றால் நகைக்கடை விளம்பரத்தைச் சிறிதாக்கிக்கொள்ளட்டும்.

ராவுத்தர் பாலக்காட்டுக்காரர். தகப்பனார் கைலி வியாபாரத்துக்காகக் கொச்சிக்கு வந்து தங்கியவர். மகன் வியாபாரத்துக்குப் போகவில்லை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் சேதம் இருந்தால் அதைப் பார்த்து அறிக்கை எழுதித் தரும் ஒரு சர்வே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மூட்டை நனைந்திருந்தால், அது மழையில் நனைந்ததா, கடல் தண்ணீரில் நனைந்ததா, கப்பலில் நனைந்ததா, கரையில் நனைந்ததா என்று கண்டுபிடிப்பது அவருடைய தொழில். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பு அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். தைத்த ஓரத்தை விரலால் தடவுவார். நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார். அதன் பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். அப்போது பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியில் நான் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. என் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்தவர். மேலே படிக்கவைக்க அவரால் முடியவில்லை. ஆங்கிலத்தை நான் பழைய செய்தித்தாளையும் ஒரு கிழிந்த அகராதியையும் வைத்து நானே கற்றேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யாரிடமும் நான் போய்க் கேட்டதும் இல்லை.

ஒரு நாள் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் மிளகு மூட்டை வந்தது. கூட வந்த தாளில் ‘ஆவரேஜ்’ என்று எழுதியிருந்தது. மிளகு ஏற்றுமதியில் நடுத்தரச் சரக்குக்கு ‘பேர் ஆவரேஜ் குவாலிட்டி’ என்று ஒரு பெயர் உண்டு. அகராதியிலும் ஆவரேஜ் என்றால் நடுத்தரம் என்றுதான் போட்டிருந்தது. ஆகவே அந்த மூட்டைகளை நடுத்தரச் சரக்கின் வரிசையிலேயே அடுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்து, கிட்டங்கி முழுவதும் சுற்றித் தேடி, வியர்த்துப்போய் என் முன்னால் நின்றார்.

“யாருய்யா இங்க கணக்குப்பிள்ளை? நனைஞ்ச மூட்டை எங்க?”

“நனைஞ்ச மூட்டைன்னு எதுவும் வரலை. ஆவரேஜ்னு போட்டு வந்துச்சு. நடுத்தரத்தோட அடுக்கியாச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மூட்டையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்னத்துக்குச் சிரிக்கிறீர்? டிக்‌ஷனரியில அப்படித்தான் போட்டிருக்கு.”

“போட்டிருக்கும், போட்டிருக்கும். உம்ம டிக்‌ஷனரி கப்பல் ஏறுனதில்லை ஓய்.”

தாள் எழுதியவன் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும் என்று அன்று சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அன்று நனைந்த மூட்டைகளைத் தேடி எடுத்து அடுக்கி முடித்த பிறகு, எதிர்க்கடையில் சாயா வாங்கிக் கொடுத்து அவர் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். எங்கள் பழக்கம் அந்தச் சொல்லில் தொடங்கியது.

ஆவரேஜ் என்பதன் வேர் அரபியில் இருக்கிறது என்று பலர் எழுதியிருப்பதாக அவர் சொன்னார். ‘அவார்’ என்றால் குறை, பழுது. ஓத்துப்பள்ளியில் அரபி சொல்லித்தரும் உஸ்தாதிடம் கேட்டு அதை உறுதி செய்துகொண்டாராம். அரபு வியாபாரிகளிடமிருந்து அந்தச் சொல் இத்தாலியத் துறைமுகங்களுக்குப் போயிற்று. அங்கே கடலில் கெட்டுப்போன சரக்குக்கு அது பெயரானது. அங்கிருந்து பிரெஞ்சுக்காரரிடம், பிறகு ஆங்கிலேயரிடம். இதை ஒப்புக்கொள்ளாத பண்டிதர்களும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. சேதத்தின் பெயராக இருந்தது எப்படி நடுத்தரத்தின் பெயராக ஆயிற்று என்று கேட்டேன். அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தை, அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்:

“ஒரு கப்பல்ல பத்துப் பேரு சரக்கு போவுது. நடுக்கடல்ல புயல். பாரத்தைக் குறைக்கலேன்னா எல்லாம் முங்கிரும். கப்பல்காரன் என்ன பண்ணுவான்? கைக்கு எட்டுன சரக்கைத் தூக்கிக் கடல்ல வீசுவான். ஒருத்தன் சரக்கு போச்சு, ஒம்பது பேரு சரக்கு தப்பிச்சிருச்சு. கரைக்கு வந்தப்புறம் அந்த ஒம்பது பேரும் ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டுப் போயிர முடியாது. போனது எல்லாருக்காகவும் போனது. அதனால நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். யாருக்கு எவ்வளவு தப்பிச்சதோ அந்த அளவுக்குப் பங்கு. அந்தப் பங்குக்கும் ஆவரேஜ்னுதான் பேரு. அப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் பழகி, கடைசியில எதைச் சமமாப் பிரிச்சாலும் ஆவரேஜ்னு ஆயிப்போச்சு. நஷ்டத்தை மறந்துட்டானுவ, கணக்கு மட்டும் நின்னுருச்சு.”

நாம் சொல்லும் சராசரி என்ற சொல்லும் நம் ஊரில் பிறந்ததல்ல, பாரசீகத்திலிருந்து வந்தது என்பார். முனை முதல் முனை வரை என்று அதற்குப் பொருளாம். “பாரும், இதுவும் வழிப்போக்கன்தான்” என்பார்.

பள்ளியில் மலையாள வாத்தியார் என் தகப்பனாரைக் கூப்பிட்டு, ‘இவன் ஒரு ஆவரேஜ் குட்டியாணு, படிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்லை’ என்று சொன்னதை நான் அவரிடம் ஒருமுறை சொன்னேன். அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்த காலம் அது. ராவுத்தர் ஆறுதல் சொல்லவில்லை.

“வாத்தியார் அறியாமச் சொன்னாலும் சரியாத்தானே சொல்லியிருக்காரு ஓய். அடிபட்ட சரக்குன்னு.”

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. எட்டாம் நாள் அவரே வந்தார். “எந்தா அண்ணாச்சி, பிணக்கமா? வாரும், சாயா குடிப்போம்.” அவ்வளவுதான் அவருடைய சமாதானம்.

இனி, எல்லாவற்றுக்கும் காரணமான அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளின் பின்புறம் காயல் என்னும் உப்பங்கழியைப் பார்த்து இருக்கும். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் காயல் பின்வாசல் வழியே உள்ளே வரும். அன்று பகல் அப்படித்தான் வந்தது. சுமை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். முதலாளி ஊரில் இல்லை. கிட்டங்கியில் பல வியாபாரிகளின் மிளகு, ஏலம், சுக்கு எல்லாம் கூரைவரை அடுக்கியிருந்தது. பின்வாசலுக்கு மிக அருகில் இருந்தவை, ஈரோட்டிலிருந்து மஞ்சள் இறக்கும் பழனிவேலு என்ற சிறு வியாபாரியின் மூட்டைகள். இருந்த சரக்கில் விலை குறைந்ததும் அதுதான். நான் யோசிக்கவில்லை. அந்த மஞ்சள் மூட்டைகளை வாசலுக்குக் குறுக்கே அணைபோல அடுக்கச் சொன்னேன். நானும் சேர்ந்து இழுத்துப் போட்டேன். வாசலில் தண்ணீர் மஞ்சளாகிப் போனது. உள்ளே ஒரு மிளகு மூட்டைகூட நனையவில்லை.

மழை விட்டதும் எல்லா வியாபாரிகளும் வந்தார்கள். தங்கள் சரக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். என் தோளைத் தட்டினார்கள். மறுநாள் பழனிவேலு வந்து மஞ்சள் எங்கே என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய முதலாளி, கணக்கு எழுதுகிறவன் தன்னிஷ்டத்துக்குச் செய்ததற்குத் தான் பொறுப்பல்ல என்று சொல்லி என்னை வேலையை விட்டு நீக்கினார். பழனிவேலு என் சட்டையைப் பிடித்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்தில் எனக்காகப் பேசிய ஒரே மனிதர் ராவுத்தர். அது அவருடைய கிட்டங்கி அல்ல, அவருடைய அலுவலகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் வேலை முடிந்து ஒவ்வொரு மாலையும் வியாபாரிகளின் கடைக்குக் கடை ஏறினார். என்னையும் கூட அழைத்துக்கொண்டு போனார். இருப்பதிலேயே அதிகச் சரக்கு தப்பியது மிளகு வியாபாரி அந்த்ரு முதலாளிக்கு. அவருடைய கடையில் நடந்தது எனக்கு இன்னும் அப்படியே காதில் நிற்கிறது. நாலைந்து தரகர்களும் அங்கே இருந்தார்கள்.

ராவுத்தர் கப்பல், புயல், பங்கு எல்லாம் சொல்லி முடித்தார். “மஞ்சள்காரருக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து கொடுங்க. இந்த ஆளை வேலையில சேத்துக்கச் சொல்லிக் கிட்டங்கி முதலாளிகிட்ட ஒரு வாக்குச் சொல்லுங்க. இவன் உங்க எல்லாருக்காகவும்தானே செஞ்சான்?”

அந்த்ரு முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ராவுத்தரே, இது கப்பலாணோ? நாலு செவரும் ஒரு ஓடும். கடல்ல உள்ள சட்டம் கரையில நடக்குமோ?”

“தண்ணி உள்ள வந்துச்சா இல்லையா? தண்ணி உள்ள வந்தா அது கப்பல்தான் முதலாளி.”

“அப்போ நங்கூரம் எவிடெ?”

தரகர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ராவுத்தரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடை வாசலில் இறங்கி நின்று, தெருவே கேட்கும்படி சொன்னேன்: “இந்தத் தெருவுல இனி என் காலு படாது.” படவில்லை.

சட்டப்படி அந்த்ரு முதலாளி சொன்னது சரி என்பது ராவுத்தருக்குத் தெரியும். அந்த முறை கடலில் போகும் சரக்குக்கு மட்டும் உரியது. அதை அவரே என்னிடம் அன்று வழியில் ஒப்புக்கொண்டார். “தெரிஞ்சும் ஏன்யா கடை கடையா ஏறுனீர்?” என்று கேட்டேன். “சட்டம் இல்லேன்னா கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?” என்றார்.

வியாபாரிகள் ஒருவரும் பங்கு தரவில்லை. அதன் பிறகு தோப்பும்படியில் மீன்களுக்கு ஐஸ் அடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, உடம்பு முடிந்தவரை அங்கே இருந்தேன். சம்பளம் பாதி. கை எப்போதும் விறைத்துப்போய் இருக்கும். பஜார் ரோட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. ராவுத்தர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் சுள்ளிக்கல்லுக்கு என் வீட்டுக்கு வருவார். ‘நீர் ஏன் என் வீட்டுக்கு வருவதில்லை’ என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நூர்ஜஹானின் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. அன்று மாலை, கல்யாண வீட்டுக் கூட்டத்தை விட்டுவிட்டு, ஒரு தூக்கில் பிரியாணியோடு வாசலில் வந்து நின்றார். “கல்யாணம் நல்லா நடந்துச்சு. ஆறுறதுக்குள்ள சாப்பிடும்.”

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்ததெல்லாம் சொற்களைப் பற்றிச் சண்டை போட்டதுதான். அவருடைய முறை ஒன்றே ஒன்று. சொல்லின் பொருள் என்ன என்று முதலில் கேட்க மாட்டார். “மூட்டையை முதல்ல சுத்திப் பாரும். எங்க ஏறுச்சு, எங்க எறங்குச்சு, வழியில எங்க அடிபட்டுச்சு, அதைச் சொல்லும்” என்பார். எனக்குச் சொல் என்றால் ஒரே பொருளில் அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் புதிய பைக் வாங்கிவிட்டு, “அங்கிள், அம்பது ஆவரேஜ் கிட்டும்” என்று பெருமையாகச் சொன்னான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். “இது ஆவரேஜ் இல்லை, இதுக்கு வேற வார்த்தை இருக்கு” என்று நான் எரிந்து விழுந்தேன். ராவுத்தருக்கோ ஒரே மகிழ்ச்சி.

“விடும் ஓய். கடல்ல நனைஞ்சது, கணக்குப் புத்தகத்துல காஞ்சது, கிரிக்கெட் ஆடுனது, இப்ப பெட்ரோல் டேங்குல வந்து உக்காந்திருக்கு. எம்மாம் தூரம் வந்திருக்கு பாரும்! அதைப் போய் வெரட்டுறீரே.”

தப்பு தப்புதான் என்றேன். “உம்மைச் சர்வே பண்ணா ஒரே வரியில எழுதிரலாம்” என்றார். “சேதம் உண்டு, சரக்கு அசையவில்லை.”

என் மனைவி போன பிறகு, மகனும் கோயம்புத்தூரோடு இருந்துவிட்ட பிறகு, வாரத்தில் ஒரு நாள்தான் என் வாயில் தமிழ் வரும் என்றாகிவிட்டது. மற்ற நாட்களில் கடைக்காரனிடமும் பஸ் கண்டக்டரிடமும் மலையாளம்தான். நூர்ஜஹானுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தக் கட்டுரையைக்கூட யாராவது அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

கடைசியாக ராவுத்தர் வந்தது இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில். ஆட்டோவில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

“ஓய், அந்தக் கப்பல் சட்டத்துல ஒண்ணு உமக்கு நான் சொல்லவே இல்லை.”

“என்ன அது?”

“கடல்ல வீசுனது யாரு சரக்கோ, அவனும் நஷ்டத்துல தன் பங்கை ஏத்துக்கணும். மத்தவங்க அவனுக்கு முழுசாக் கொடுக்க மாட்டாங்க. முழுசாக் கொடுத்தா அவன் ஒருத்தன் மட்டும் நனையாமக் கரை ஏறிருவானே? எல்லாரும் ஒரே அளவுக்கு நனையணும்.”

“இத்தனை வருஷம் இல்லாம இப்ப ஏன் சொல்றீர்?”

“உமக்கு எண்பதாவப் போவுது. மஞ்சளோட சேத்து உம்ம வேலையையும் தூக்கிக் கடல்ல வீசுனாங்க, சரி. இன்னும் முழுசா வேணும்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீர். அதான் சொன்னேன்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிற்று. “முதல்ல அவங்க பங்கு வரட்டும். அப்புறம் என் பங்கை நான் பாத்துக்கறேன்.”

“அதுல பாதிப் பேரு செத்துட்டானுவ.”

“செத்துட்டாத் தீந்துருமா? சரி, நீரே சொல்லும். என் பங்கு எவ்வளவு?”

“அது எப்படி உடனே சொல்றது? உமக்கு என்னென்ன தப்பிச்சு நிக்குதுன்னு முதல்ல பாக்கணும். அதைப் பாத்து வையும், அடுத்த வாரம் சொல்றேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நான் மௌத்தானா வீட்டுக்கு எப்படி வருவீர்? ஹெலிகாப்டர்லயா?”

“வர மாட்டேன்.”

“சரி, அது உம்ம பாடு. சாயா ஆறுது, குடியும்.”

அடுத்த வாரம் அவருக்கு உடம்பு முடியவில்லை. அதற்கடுத்த வாரங்களிலும் வரவில்லை. தொலைபேசியில் பேசுவோம், இரண்டு நிமிடத்தில் இருமல் வந்துவிடும். அவர் வீட்டில் படுத்திருந்தார், நான் என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இடையில் இருந்தது அந்தத் தெரு ஒன்றுதான்.

புதன்கிழமை மதியம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். நடந்தே போனேன். பஜார் ரோடு தொடங்கும் முனையில், அடைத்திருந்த ஒரு கடையின் நிழலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ராவுத்தர் வீட்டு வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயும் தெரிந்தன. ஆட்கள் படியேறுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவதும் தெரிந்தன. நூர்ஜஹான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மாமா, எங்க இருக்கீங்க?”

“தெருமுனையில.”

“இங்கயா? வாங்க மாமா, முகத்தை மூடப் போறாங்க.”

நான் காலைப் பார்த்தேன். நாலு எட்டு வைத்தால் போதும். ஒரு ஸ்கூட்டர் வந்து, நான் உள்ளே போகிறேனா என்று பார்த்து, ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான் அசையவில்லை. தொலைபேசியில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

“சரி மாமா” என்றார், அழுகையோடு. “அங்கேயே நில்லுங்க. அந்த வழியாத்தான் கொண்டுவருவாங்க.”

முகத்தை நான் பார்க்கவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை.

பிறகு உடலை வைத்த மரச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஊர் முஸ்லிம் மக்கள் சந்தூக்கை ஒருவர் தோளிலேயே பள்ளிவரை கொண்டுபோவதில்லை. சில அடிகள்தான். பின்னால் வருகிறவர் முழங்கையைத் தொடுவார், தொட்டவர் உள்ளே புகுந்து தோள் கொடுப்பார், முன்பு சுமந்தவர் விலகி ஓரமாக நடப்பார். யாரும் கட்டளை இடுவதில்லை. தாழ்ந்த குரலில் கலிமாவைச் சொல்லிக்கொண்டே கை மாறிக் கை மாறி, சந்தூக்கு எங்கேயும் நிற்காமல் மேலேயே மிதந்து வரும்.

முனைக்கு வந்தபோது சந்தூக்கின் முன்பக்கத்து இடது கட்டையைச் சுமந்தவர் அந்த்ரு முதலாளி. தாடி முழுவதும் நரைத்து, முதுகு வளைந்து, ஆள் பாதியாகிவிட்டிருந்தார். இளைஞன் ஒருவன் அவருடைய முழங்கையைத் தொட்டதையும், அவர் தலையை ஆட்டி மறுத்ததையும் நான் பார்த்தேன். என்னையும் அவர் பார்த்துவிட்டார். மூச்சுக்கு நடுவே சொன்னார்:

“அண்ணாச்சி, ஒண்ணு பிடிக்கணும். எனக்கு ஆவுறதில்லை.”

நான் தோளைக் கொடுத்தேன். மரம் எலும்பில் உட்கார்ந்தது. அவர் விலகிப் போகவில்லை. ஓரமாக, என்னை உரசிக்கொண்டே நடந்தார். ஒரு கையை மட்டும் அந்தக் கட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவும் இல்லை. பின்னால் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். தெரியாததுபோல நடந்தேன். மறுபடியும் தொட்டார்கள்.

“மாறிக் கொடுக்கணும் அண்ணாச்சி” என்றார் அந்த்ரு முதலாளி. “எல்லார்க்கும் கிட்டணும்.”

கொடுத்தேன்.

பள்ளிக்குள் தொழுகை நடந்தபோது வெளியே வாசலில் நின்றேன். பிறகு குழியருகே போகவிட்டார்கள். மற்றவர்களைப் போல நானும் கைப்பிடி மண் போட்டேன். மழையில் ஊறிய மண், கையில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. திரும்பும்போது எல்லாரும் பஜார் ரோட்டுக்குள் போனார்கள். அந்த்ரு முதலாளி மட்டும் முனையில் நின்றார்.

“வாங்க. நூர்ஜஹான் அங்க தனியா இருக்கு.”

“இப்படி அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும்” என்றேன்.

“அறியாம்” என்றார். தெரியும் என்று பொருள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அவர் தெருவுக்குள் போனார், நான் சுள்ளிக்கல்லுக்கு நடந்தேன். இதை யாரும் சமாதானம் என்று எழுதிவிட வேண்டாம். நூர்ஜஹானை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய அத்தாவைப் போல அவரும் வருவார் என்றே நினைக்கிறேன்.

ராவுத்தரே, உம்முடைய அறிக்கை முடியாமல் நிற்கிறது. எனக்கு என்ன தப்பித்து நிற்கிறது என்று பார்த்து வைக்கச் சொன்னீர். பார்த்தேன். வேலை அன்றே போயிற்று, வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள், மகன் எட்ட இருக்கிறான். எல்லாம் போக எனக்கென்று கரை சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றுதான். அதை இத்தனை வருடம் என் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவர் நீர். இனி என் பங்கைக் கணக்கிட்டுச் சொல்ல ஆள் இல்லை, சொன்னாலும் தப்பு என்று சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. அமைதியாகப் போய் வாரும்.